வலப்பக்கம் திருகிய போல்ட்

போல்ட் விஷயத்தில் தப்பு என்மேல்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. இதை எழுதுவதும் ஒப்புக்கொள்வதற்காக அல்ல. என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா?

என் மனைவி கலைவாணிக்குப் பள்ளிப்பட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. நான்கு வருடம் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். என் அக்கா வீட்டுக்காரர், கே.ஜி.கண்டிகையில் வேன் ஓட்டுகிற பாவா, சனிக்கிழமையே வந்துவிட்டார்.

"திங்கக்கெழம நான் அந்தப் பக்கம்தான் போறேன். வேன்ல இட்டுகினு போறேன்" என்றார்.

"என் பொண்டாட்டிய என் வண்டியில நானே கூட்டினு போவேன் பாவா."

"உன் வண்டியா? அது மலையடிவாரத்தத் தாண்டுமாடா?"

வந்ததே ரோஷம். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடை பூட்டியிருந்தது. பைக்குக்கு இன்ஜின் ஆயிலை நானே மாற்றுவது என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன். (மாற்றாமல் ஓட்டியிருந்தாலும் பள்ளிப்பட்டு போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது சொல்லி என்ன பயன்?)

பழைய ஆயில் இறங்க வேண்டுமென்றால் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும். இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று தலைமுறையாக மலைக்கோயில் மடைப்பள்ளியில் பொங்கல் கிண்டுகிறவர்கள் நாங்கள். சன்னிதியை எப்படி வலம் வருகிறோமோ அப்படித்தான் துடுப்பும் சுற்றும். இடப்பக்கம் கிண்டினால் அது பிரசாதமே இல்லை. வீட்டில் மோர் கலக்கினாலும் வலம்தான். (தண்ணீர்க் குழாயை எப்படித் திறப்பீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக் குழாயை யாரும் மூடி நான் பார்த்ததில்லை.)

செல்போன் வீடியோவில் ஒருவன் போல்ட்டை இடப்பக்கம் திருகினான். மனைவி முதல் நாள் வேலைக்குப் போகிற வண்டி. நல்ல காரியத்தை இடப்பக்கமாகவா தொடங்குவது? அதுவும் போக, மல்லாந்து படுத்தால் இடம் வலமாக மாறிவிடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். வலப்பக்கம் திருகினேன்.

அசையவில்லை. நல்லெண்ணெய் விட்டேன். சுத்தியலால் தட்டினேன். ஸ்பேனரின் வாலில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, அண்டா பொங்கலைக் கிண்டிப் பழகிய கையால் முக்கினேன்.

"ஏங்க, அந்தப் பக்கமா ஒரு தபா சுத்திப் பாருங்களேன்" என்றாள் கலைவாணி.

"உனக்கு இன்னா தெரியும்?" என்றேன். (இந்தக் கதையில் நான் வெட்கப்படுவது இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும்தான்.)

மூன்றாவது மணி நேரத்தில் 'கடக்' என்றது. போல்ட் சுற்றியது!

"கழண்டுடுச்சு!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். மேலும் சுற்றினேன். நன்றாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் வெளியே வரவில்லை. ஆயில் மட்டும் சொட்டுச் சொட்டாக என் மூக்கின்மேல் விழுந்தது.

பாவா வந்து குனிந்து பார்த்தார். "எந்தப் பக்கம் சுத்துன?"

காட்டினேன்.

"அடப்பாவி! மூணு மணி நேரமா இறுக்கிகினு இருந்துகீற. மரை மொத்தமும் போச்சு. இனிமே இன்ஜினப் பிரிச்சாத்தான் ஆச்சு."

"அந்தப் போல்ட்ட செஞ்சவன் தப்பா செஞ்சுகீறான் பாவா."

அவர் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்து, "அப்ப நாளிக்கு வேன்தானே?" என்றார்.

கலைவாணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "உங்க வீம்புக்கு நடுவுல என் வேலய வுட முடியாது. நான் பஸ்ல போறேன்."

மறுநாள் ஆறரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அலுவலகக் கதவைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றிருந்தாளாம். அன்றிலிருந்து அவளுக்குப் பஸ்தான், வண்டி சரியான பிறகும்கூட.

அதோடு விட்டார்களா? ஊருக்குக் கிளம்புகிற யாருக்காவது ஊறுகாய் கட்டும்போதெல்லாம் கலைவாணி பாட்டிலை என்னிடம் நீட்டுவாள். "ஏங்க, இத்தக் கொஞ்சம் தொறந்து குடுங்க" என்பாள். வீடே சிரிக்கும். நானும் வாங்கி, மூடியை வலப்பக்கமாக நன்றாக ஒரு திருகு திருகிக் கொடுப்பேன். என் கை பட்ட பாட்டில் ஒன்றுகூட வழியில் ஒழுகியதில்லை. போன மாதம் ஒன்றை உடைத்துத்தான் ஊறுகாயை எடுத்தார்களாம், அதுவும் பாவா வீட்டில்.