உலகத்தில் யாருக்கும் தெரியாத வாக்கியம்

ஆறாவது தடவையும் பாஸ்வேர்டு தப்பு என்று சொல்லிவிட்டது லேப்டாப். சாஜிதா கீபோர்டில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பத்துத் தடவை தப்பாக அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தானாக அழிந்துபோகும். அப்படி அமைத்துவைத்த புத்திசாலியும் அவள்தான்.

உள்ளே இருந்தது, இன்றைக்குக் குற்றாலத்தில் நடக்கும் சைபர் பாதுகாப்பு மாநாட்டில் அவள் பேச வேண்டிய பேச்சு. அனுபவத்தில் கற்ற பாடங்கள் என்பது தலைப்பு. பாஸ்வேர்டை அடிக்கடி மாற்று என்பது முதல் பாடம். அது உலகத்தில் யாருக்கும் தெரியாத நீளமான வாக்கியமாக இருக்கட்டும் என்பது அடுத்தது. எதற்கும் இன்னொரு நகல் வைக்காதே என்றும் ஒரு பாடம் உண்டு. இப்போது அவள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவள் தானும் செய்ய வேண்டாமா? நேற்று ராத்திரி பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தாள். என்ன வாக்கியம் வைக்கலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து உம்மா ஹாஜரா பீவி ஓர் ஏச்சு ஏசினாள். ஆகா, இதை எந்தத் திருடன் கண்டுபிடிப்பான் என்று அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்து வைத்துவிட்டாள்.

காலையில் பார்த்தால் ஞாபகம் இல்லை. பால் என்று வந்தது. பொட்டி என்று வந்தது, லேப்டாப்பை உம்மா அப்படித்தான் சொல்வாள். நடுவே கோழியோ என்னமோ வந்தது. தினம் கேட்கிற ஏச்சுதான். தினம் கேட்கிற ஏச்சை எந்த மகள் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள்?

பேச்சு நன்றாக அமைந்தால் தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், சொதப்பினால் அடுத்த மாதம் சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று மேலாளர் சங்கரசுப்பிரமணியன் சொல்லியிருந்தார். வாப்பா சவூதியில், தம்மாமில் இருக்கிறார். அவளும் போய்விட்டால் உம்மா யாரை ஏசுவாள்? சென்னையில் இருக்கிறவர்களும் நல்லவர்கள்தான். ஆன்லைன் மீட்டிங்கில் சாஜிதா வந்து சேர்ந்தாலே எல்லார் முகமும் சிரித்துவிடும். நம் மேல் அவ்வளவு பிரியம் என்று அவள் நினைத்திருந்தாள்.

அடுக்களைக்குப் போனாள்.

"உம்மா, ராத்திரி என்னைய என்னன்னு ஏசுனிய?"

"நானா? உன்னையா? நான் எதுக்குட்டி ஏசப்போறேன்?"

"ஏசுனியல்லா, பால் பொங்கும்போது."

"அதுவா? 'பால் பொங்குது கண்ணு, கொஞ்சம் பாத்துக்கிடு'ன்னு சொல்லியிருப்பேன்."

இப்படிப் பேசுகிற உம்மா இந்தத் தெருவிலேயே கிடையாது என்று தெரியும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? அதையும் அடித்துப் பார்த்தாள். தப்பு.

"உம்மா, நீங்க எப்பவும் ஏசுத மாதிரி ஒரே ஒரு தடவை ஏசுங்களேன்."

"இன்னைக்கா? மாட்டவே மாட்டேன். நீ நல்ல காரியமா போற. இன்னைக்கு முச்சூடும் உன்னைய ஏசக் கூடாதுன்னு சுபுஹு தொழுதுட்டு நிய்யத்து வச்சிருக்கேன். வானமே இடிஞ்சு விழுந்தாலும் சரி."

அப்படியானால் வானத்தை இடித்துத்தான் ஆகவேண்டும். சாஜிதா பாலை அடுப்பில் ஏற்றி, பக்கத்திலேயே கைகட்டி நின்று, அது பொங்கி மேடையெல்லாம் வழிவதை வேடிக்கை பார்த்தாள்.

ஹாஜரா பீவியின் உதடு துடித்தது. கண்ணை மூடி ஏதோ ஓதினாள். கண்ணைத் திறந்து சிரித்தாள். "பரவால்ல புள்ள. பால் பொங்குனா பரக்கத்துதான்."

அடுத்தது கண்ணாடித் தட்டு. வாப்பா தம்மாமிலிருந்து கொண்டுவந்தது. சம்பந்தம் பேச வந்தவர்களுக்காகக்கூட அலமாரியை விட்டு இறங்காதது. சாஜிதா அதை எடுத்தாள். துடைப்பது போலத் துடைத்தாள். விட்டாள்.

உம்மாவின் கழுத்து நரம்பு விரலளவு புடைத்தது. சாஜிதா ஆவலோடு வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணேறு கழிஞ்சுது," என்றாள் உம்மா, தொண்டைக்குள்ளிருந்து. விளக்குமாற்றை எடுத்தவள், மகளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி, உனக்கு என்னமோ ஆயிருக்கு. பாலக் கொட்டுத, தட்ட உடைக்க, என் வாயையே பாக்குத. பயந்துட்ட. உன்னைய ஒத்தையில விடமாட்டேன். நானும் வாரேன்."

"எங்கன?"

"மாநாட்டுக்குத்தான். புர்காவ எடு."

இந்த நேரத்தில் போன் அடித்தது. கூட வேலை பார்க்கிற ஸ்வர்ணா. நேற்றே சென்னையிலிருந்து வந்து குற்றாலத்தில் தங்கியிருந்தாள்.

"என்னடி, கிளம்பிட்டியா? இன்னைக்கு உங்க வீட்டுல சத்தமே காணோம்?"

"கிளம்பிட்டேன்."

"குரலே சரியில்லையே. ஏதாவது உதவி வேணுமா?"

சொல்லிவிடலாமா என்று சாஜிதா நினைத்தாள். ஆனால் பாஸ்வேர்டு விஷயத்தில் கூட இருக்கிறவரிடமும் மூச்சு விடாதே என்று அவளே ஒரு பாடம் எழுதிவைத்திருந்தாள்.

"ஒண்ணும் வேண்டாம்டி."

ஆட்டோவில் இலஞ்சி தாண்டும் முன் ஒரு தடவை முட்டையைச் சேர்த்து அடித்தாள். சாரல் முகத்தில் அடித்தபோது கோழியை முன்னால் போட்டு ஒரு தடவை அடித்தாள். இரண்டும் தப்பு. இனி ஒரே ஒரு தடவைதான் பாக்கி. உம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையில் ஓதி ஊதிக்கொண்டே வந்தாள்.

ஐந்தருவிப் பக்கம் ஒரு விடுதியின் பெரிய மண்டபத்தில் மாநாடு. வாசலில் சங்கரசுப்பிரமணியன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க சாஜிதா. அடுத்தது நீங்கதான். மும்பையிலிருந்து முதலாளியும் வந்து உட்கார்ந்திருக்கார். என் மானத்தைக் காப்பாத்துங்க."

உம்மாவைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். பக்கத்திலே திறந்த கதவு. கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் டீ மாஸ்டர் மணிமுத்து, இடைவேளைக்காகப் பெரிய போணியில் பாலை ஏற்றியிருந்தார். அந்தப் போணியைப் பார்த்ததும் சாஜிதாவுக்குப் பொறி தட்டியது.

ராத்திரி பால் பொங்கியபோது அவள் எங்கே இருந்தாள்? லேப்டாப் முன்னால். காலையில் எங்கே நின்றாள்? அடுப்பு முன்னால். வெறும் பால் போதாது. அங்கே பால் பொங்க வேண்டும், இங்கே அவள் பொட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எந்த நிய்யத்தும் தாங்காது.

"அண்ணாச்சி, நான் மேடையில போய் உக்காந்ததும் பாலப் பொங்க விடுதியளா?"

மணிமுத்து கரண்டியைக் கீழே வைத்தார். "பொங்க விடவா? யம்மா, பொங்க விடாம பாத்துக்கத்தான் என்னைய வேலைக்கே வச்சிருக்காங்க."

"இது ஒரு சோதனை அண்ணாச்சி."

"மேனேசர் பாத்தாருன்னா எனக்குல்லா சோதனை."

"பழிய நான் ஏத்துக்கிடுதேன். உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"படிச்ச புள்ளைக எல்லாம் ஒரு மாதிரியாத்தான் இருக்குதுக," என்று சொல்லிக்கொண்டே அடுப்பைத் தூண்டிவிட்டார்.

சாஜிதா மேடை ஏறினாள். லேப்டாப்பைத் திரையோடு இணைத்தார்கள். சுவர் அளவுக்குப் பாஸ்வேர்டு கேட்கிற கட்டம் தெரிந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, உம்மா பார்க்கும்படியாக லேப்டாப்பின் மேல் கவிழ்ந்துகொண்டாள். மண்டபம் காத்திருந்தது. முதல் வரிசையில் மும்பை முதலாளி இருமினார். சங்கரசுப்பிரமணியன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

பின்னாலிருந்து 'சுர்' என்று ஒரு சத்தம் வந்தது. பால் தீய்கிற வாசனை வந்தது. ஹாஜரா பீவி கதவைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். மறுபடி கதவைப் பார்த்தாள். நிய்யத்து ஒரு பக்கம் பறந்தது, அத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற வெட்கம் இன்னொரு பக்கம் பறந்தது. எழுந்து நின்று, மைக் இல்லாமலேயே மண்டபம் அதிர ஒரு குரல் கொடுத்தாள்:

"ஏட்டி, பால் பொங்கி அடுப்பே அணைஞ்சாச்சு, நீ அந்தப் பொட்டியிலயே அடைகாத்துக் குஞ்சு பொரி!"

அடை! குஞ்சு! சாஜிதாவின் விரல்கள் தாமாக ஓடின. திரையில் புள்ளி புள்ளியாக நீண்டது. கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பொத்தானை அமுக்கினாள்.

திறந்துவிட்டது.

கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து கேட்டார், "அம்மா, இப்ப உங்க பாஸ்வேர்டு இந்த மண்டபத்துக்கே தெரிஞ்சுபோச்சே. இனி என்ன செய்வீங்க?"

சாஜிதா நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "முதல் பாடமே அதுதான் சார். பாஸ்வேர்டை அடிக்கடி மாத்தணும்."

கைதட்டல் சாரல் சத்தத்தையே அமுக்கிவிட்டது. எல்லாம் ஏற்பாடு செய்த செயல்விளக்கம் என்று நினைத்துவிட்டார்கள். அவளும் மறுக்கவில்லை. மற்றப் பாடங்களைத் தங்குதடையில்லாமல் பேசி முடித்தாள்.

இறங்கியதும் சங்கரசுப்பிரமணியன் ஓடிவந்தார். "பெத்த தாயையே கூட்டிவந்து விளக்கினீங்க பாருங்க, முதலாளி அசந்துட்டார். நீங்க தென்காசியிலேயே இருங்க. சென்னைப் பேச்சே இனி கிடையாது."

இடைவேளையில் கறுப்பு டீதான் கிடைத்தது. ஹாஜரா பீவி ஒரு மூலையில் நின்று, "நிய்யத்து போச்சே, அத்தன பேர் முன்னால புள்ளைய ஏசிட்டேனே" என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மணிமுத்து அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே அடுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சாஜிதா ஸ்வர்ணாவைத் தனியே இழுத்துப்போய், இனி பயமில்லை என்ற தைரியத்தில், காலையிலிருந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். கடைசியில் ஒரு பெருமூச்சும் விட்டாள்.

"என்ன ஒரு அருமையான பாஸ்வேர்டு, ஸ்வர்ணா! எங்க உம்மாவையும் என்னையும் தவிர உலகத்துல யாருக்கும் தெரியாத வாக்கியம். அநியாயமா இன்னைக்கு வெளிய வந்துருச்சே."

ஸ்வர்ணா சிரித்த சிரிப்பில் டீ முழுதும் துப்பட்டாவில் கொட்டியது.

"அடி லூசு, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நீ மைக்கை அணைக்க மறக்கிற ஒவ்வொரு மீட்டிங்லயும் கேட்டுக் கேட்டு, நம்ம சென்னை ஆபீஸ் வைஃபைக்கே ஆறு மாசமா அதுதான்டி பாஸ்வேர்டு!"