ஜெனிபர் நிச்சயதார்த்தமும் நீ அனுப்பிய நான்கு அலாய் வீலும்

ஆவூர்,
திங்கள் காலை.

சேசு மரி சூசை காவல்.

அன்புள்ள மச்சினன் ஃபிரெடிக்கு அத்தான் ஜெபமாலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ஜெயராணியும் ஜெனிபரும் சுகம். என் முழங்காலையும் வேனையும் சேர்க்காமல் பார்த்தால் நல்ல சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதி, வியாழக்கிழமை அங்கே கிளம்பும் ஜஸ்டினிடம் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படிக்கவும்.

நம் வேன் பதினேழு வருடமாக டீச்சர்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறது. ஒரு டீச்சர்கூட அதன் சக்கரத்தைக் குனிந்து பார்த்ததில்லை. லீவில் வந்த நீதான் பார்த்தாய். “அத்தான், இந்தத் துருப்பிடிச்ச ரிம்மோட மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போய் நிப்பீங்களா? ஒரு மதிப்பு வேணாமா?” என்றாய். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போன பெண்ணைப் பெற்றவனிடம் மதிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா, தலையை ஆட்டிவிட்டேன். நீ ஊர் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் பார்சல் லாரியில் நான்கு அலாய் வீல் வந்து இறங்கியது. கோயிலில் வைக்கலாம் போல அப்படி ஒரு மினுமினுப்பு.

மெக்கானிக் கண்ணுசாமி ஒன்றைத் தூக்கிப் பொருத்திப் பார்த்தார். இறக்கி வைத்தார். டீ குடித்தார். “அண்ணே, அதுலயும் நாலு ஓட்டை, இதுலயும் நாலு ஓட்டை. ஆனா ஒங்க வண்டிக்கு ஓட்டை கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கு. இது வேற காரோட வீலுங்க” என்றார். திருப்பி அனுப்பலாம் என்றேன். “நடுவுல ஒரு தட்டு கடைஞ்சு போட்டா உக்காந்துக்கும்ணே” என்றார். லேத்தில் தட்டு கடைய ஒன்பது நாள் ஆனது. அதுவரை டீச்சர்கள் பஸ்ஸில் போனார்கள், என்னிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்கள். தட்டு வைத்து மாட்டியதும் நான்கு சக்கரமும் வெளியே பிதுங்கி, வேன் நண்டு மாதிரி காலைப் பரப்பிக்கொண்டு நின்றது. ஆள் ஏறி உட்கார்ந்து வளைவில் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசி ‘கர்ர்ர்’ என்கிறது.

சனிக்கிழமை காலை நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை ஊரான மணமேல்குடிக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சத்தம், ஒவ்வொரு சத்தத்துக்கும் உன் அக்கா ஒரு அருள்நிறை மரியே. புதுக்கோட்டை தாண்டுவதற்குள் ஒரு ஜெபமாலை முடிந்துவிட்டது. அறந்தாங்கி தாண்டி நாலு கிலோமீட்டரில் பின் டயர் பஞ்சர். பரவாயில்லை என்று ஸ்டெப்னியை உருட்டி வந்தேன். அது பழைய இரும்பு ரிம், புதுத் தட்டில் ஏறவில்லை. தட்டைக் கழற்றுவதற்கான ஸ்பேனர் கண்ணுசாமி பட்டறையில் இருக்கிறது. போன் போட்டேன். “ஸ்டெப்னி பத்தி நீங்க கேக்கவே இல்லையேண்ணே” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன் ஃபிரெடி, மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். மணி பதினொன்று. மோதிரம் மந்திரிக்க வந்திருக்கும் சாமியார் பன்னிரண்டுக்கு வேறு ஊர்ப் பூசைக்குப் போக வேண்டியவர். இதுவும் போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மணமேல்குடி வழியாக ஜெகதாப்பட்டினத்துக்குக் காலி மீன்பெட்டி ஏற்றிப் போகிறது. ஓட்டி வந்தவர் பெயர் கார்முகில். “பெட்டிதாங்க காலி, வாசம் காலியில்ல. பரவால்லைன்னா ஏறுங்க” என்றார். நான் ஜெனிபர் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகினாள், செருப்பைக் கையில் எடுத்தாள், ஏறிவிட்டாள். “அப்பா, எந்திரிங்க. சாமியார் போயிருவாரு. ஒங்க அழுகைய வந்து அழுதுக்கலாம்” என்றாள். பழத்தட்டோடு உன் அக்கா ஒரு பெட்டி மேல், நான் ஒரு பெட்டி மேல்.

பத்து நிமிடம் இருக்கும்போது போய் இறங்கினோம். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஞானசெல்வி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “வாங்க சம்பந்தி. நானும் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு முப்பத்தஞ்சு வருசமா மீன் வாசத்துக்கு மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் இருக்கேன். பொண்ணு வரும்போதே பழகிட்டு வந்துருச்சு” என்றார். பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை சந்தோஷ் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார், ஜெனிபர் கை கழுவினாள். அந்த ஈரக் கையில்தான் மோதிரம் ஏறியது. எனக்கு மறுபடி கண் கலங்கியது, இந்த முறை யாரும் திட்டவில்லை.

ஆக, மதிப்புக்காகப் போட்ட சக்கரம் அந்த வாசலைப் பார்க்கவே இல்லை. நேற்றுதான் கண்ணுசாமி போய்ப் பஞ்சர் ஒட்டி வேனைக் கொண்டுவந்து சேர்த்தார். நாளைக்கே நான்கையும் கழற்றிப் பழையதை மாட்டப்போகிறேன். உன் வீல்களைச் சாக்கில் கட்டி வைக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள். இனி நம் வேனுக்கென்று ஒரு ஸ்டிக்கர்கூட அனுப்பாதே. ஆண்டவர் உன்னை வெயிலிலிருந்தும், எங்களை உன் யோசனைகளிலிருந்தும் காப்பாராக. உன் அக்கா முத்தங்கள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
களைத்துப்போன அத்தான்,
ஜெபமாலை

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் பழைய ரிம்களைத் தேடினேன். நான்கையும் உன் அக்கா போன வாரமே பழைய இரும்புக்காரரிடம் போட்டு இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டாளாம். குடம் நன்றாகவே இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, அதே டிசைனில் ஸ்டெப்னிக்கென்று ஐந்தாவதாக ஒன்று உடனே அனுப்பி வைக்கவும்.