என் மனைவி ஓடியது தங்கள் பகிடியால்தான் என்பதற்கான விளக்கம்

வெள்ளவத்தை

பெருமதிப்புக்குரிய நாகேந்திரம் அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுத இன்னும் உரிமை இருக்கிறதோ தெரியாதபடியால் பெயரோடு நிறுத்துகிறேன். நாங்கள் நலம். கொட்டாஞ்சேனையில் தாங்களும் வீட்டம்மாவும் மருமகன் அனுஜனும், கோபம் நீங்கலாக, நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் பகிடி சொல்ல, சபையே சிரிக்க, என் மனைவி சரோஜினிதேவி மட்டும் எழும்பி ஓடி, வாசலில் ஓட்டோ பிடித்து, கை நனைக்காமல் வீட்டுக்குப் போனது அவமரியாதை என்றும், முழங்கால் நோ என்று கதிரை கேட்ட மனுசி அந்த ஓட்டம் ஓடினால் அது நோ இல்லை நடிப்பு என்றும், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றும் தொலைபேசியில் சொன்னீர்கள். மகள் சிவானி அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. ஆகவே வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஓடினது உண்மை, முழங்கால் பொய். சிரித்தால், தும்மினால் அவளுக்கு அடக்கமுடியாமல் சலம் போய்விடும். எனக்கும் முழங்கால் என்றுதான் சொல்லிவைத்திருந்தாள். நல்ல முழங்காலுக்கு நான் வருசக்கணக்காக எண்ணெய் தேய்த்திருக்கிறேன்.

நீங்கள் போன் வைத்த பிறகுதான் அழுதழுது உண்மையைச் சொன்னாள். டொக்டரிடம் போனோம். மூத்திரப்பை, கர்ப்பப்பையெல்லாம் தாங்குகிற அடித்தசையை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், சும்மா கிடந்தால் காணாது, மெசினுக்குள் கிடந்தபடியே இறுக்கவும் முக்கவும் வேண்டும் என்றார்கள். படம் எடுக்கிற மிஸ்ஸுக்குத் தமிழ் வராது. சரோவுக்கு மரக்கறிக் கடைச் சிங்களம் தெரியும். முக்குவதற்குச் சிங்களம் தெரியாது. "அங்கிள் கியன்னகோ", நீங்களே சொல்லுங்கோ என்று, மிஸ் மைக்கை என் கையில் தந்துவிட்டா. நான் புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். மைக் கையில் வந்தால் எனக்கு ரயில் அறிவிப்பைத் தவிர வேறு தமிழ் வராது. "கவனிக்கவும். சரோஜினிதேவி அவர்கள் தற்போது இறுக்கிப் பிடிக்கவும்" என்றேன். பிறகு, "தயவுசெய்து முக்கவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றேன். உள்ளேயிருந்து மெசின் இரைச்சலையும் மீறிச் சிரித்தாள். "ஐயோ, நிப்பாட்டுங்கோப்பா! என்னால ஏலாது!"

படம் கொஞ்சம் கலங்கினாலும் தேவையானது விழுந்துவிட்டதாம். டொக்டர் லுத்பியா கூப்பிட்டுக் காட்டினா. "இந்தா பாருங்க அங்கிள், இந்தத் தசை ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. மகள் பொறந்த நேரம் நடந்திருக்கும். சிரிக்கக்குள்ள எல்லாம் கீழ எறங்குது." சாய்மனைக் கதிரைத் துணி தொய்ந்ததுபோல் கிடந்தது. முதலில் பயிற்சி, சரிவராவிட்டால் ஒப்பரேசனை யோசிக்கலாம் என்றா. "ஏனப்பா இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்ல?" என்று சரோவைக் கேட்டேன். "சொன்னா நீங்கள் ஆருக்கும் சொல்லாம இருப்பியளோ?" என்றாள். சிவானி பிறந்த பிறகு இவள் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை, ஐயா. என்னைப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். வெளியே வந்து அழுதேன்.

ஆகையால் அவள் ஓடியது தங்கள் பகிடி நன்றாயிருந்த குற்றத்துக்காக மட்டுமே. பெரியமனது பண்ணிப் பிள்ளைகளைச் சேர்த்துவையுங்கள். இவ்விடயம் நம்மிருவரோடும் நிற்கட்டும். வீட்டம்மாவுக்குத் தெரியவேண்டாம், பெண்கள் பெரிதாக்கிவிடுவார்கள். மருமகனுக்கு என் ஆசி. தங்களுக்கு என் கைகூப்பு.

இப்படிக்கு,
க. யோகநாதன்

பி.கு.: உறையை ஒட்ட முதல் சரோ வாசித்துவிட்டாள். ஓடின அன்று பின்னேரமே தங்கள் வீட்டம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாம் சொல்லிவிட்டாளாம். டொக்டர் லுத்பியாவைச் சொல்லிவிட்டதே அவதானாம். அவவும் இதே வருத்தத்துக்கு அங்கேதான் காட்டுகிறாவாம். சிவானி சாப்பிடாதது கூறைச்சேலைக்கு மெலிகிறதற்காம். தை மாதத்தில் நாள் வைத்து, மண்டபமும் பேசியாயிற்றாம். நம் இருவருக்கும் எப்போது சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லையாம்.