சிவப்புத் தாடிக்கு ஒரு ஃபேக்ஸ்

பெங்களூரில் பிறந்து, பெங்களூரிலேயே வேலை பார்த்து, மனதளவில் ஒரு நாள்கூட பெங்களூரில் குடியிருக்காத ஆள் நான் பார்த்தவரை ஒருவர்தான். பீன்யாவில் நான் எக்ஸ்போர்ட் குமாஸ்தாவாக இருந்த தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். வீடு ஸ்ரீராம்புரத்தில். பெயரைச் சொன்னால் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ‘ஐஸ்லாண்டு’ என்றால் வாட்ச்மேன்கூடக் கைகாட்டுவார்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மீன் வெட்டும் இயந்திரங்களுக்கு ஸ்டீல் ரோலர்கள் செய்து, ஐஸ்லாந்தில் ஒரு துறைமுக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். தேய்ந்த ரோலர்கள் அந்த ஊர்ச் செய்தித்தாளில் சுற்றப்பட்டுத் திரும்பி வரும். நாங்கள் ரோலரை எடுத்துக்கொண்டு தாளை எறிவோம். ஐஸ்லாண்டு தாளை எடுத்துக்கொண்டு ரோலரை எறிவார். மீன் வாடை அடிக்கும் அந்தத் தாளை இஸ்திரி போட்டு, கால்பந்துப் பக்கத்தை மட்டும் ஃபைல் செய்து வைப்பார். முட்டைகூடத் தொடாத மனிதர்!

அந்த மொழியில் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. “கொம்பு மொளச்ச இந்த ‘பி’ய எப்படி சார் படிப்பாங்க?” என்று என்னிடம் கேட்பார், என்னவோ எனக்குத் தெரிந்த மாதிரி. ஆனால் புள்ளிப்பட்டியல் அவருக்கு அத்துப்படி. முதல் டிவிஷனில் பத்து டீம். மே மாதம் சீசன் ஆரம்பித்து செப்டம்பரில் முடியும். கடைசி இரண்டு டீம் கீழே இறங்கிவிடும்.

ஏப்ரல் வந்தால், ஸ்டோர் கரும்பலகையில் இருக்கும் நட்டு போல்ட்டு விவரத்தை அழித்துவிட்டு, வரப்போகும் சீசனில் யார் எந்த இடம் என்று பத்து டீமையும் எழுதிவிடுவார். முதல் வருடம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்டோபரில் வந்த பெட்டியில் கடைசிப் பட்டியல் இருந்தது. பத்தும் அவர் எழுதிய அதே வரிசை. அடுத்த வருடமும் அப்படியே. மூன்றாம் வருடம் சிரிக்க ஆளில்லை.

ஃபோர்மேன் மட்டும் துணிந்து லாட்டரி நம்பர் கேட்டார்.

“எனக்கு ஐஸ்லாண்டு மட்டும்தாங்க வருது. கர்நாடகா வரல” என்றார் நம்மவர், நிஜமான வருத்தத்தோடு.

எப்படித்தான் வருகிறது என்று நான் கேட்டேன்.

“மத்தியானம் சாப்ட்டுட்டு பெட்டி மேல சாஞ்சா, ரேக்குக்கு அந்தப் பக்கம் ஆட்டம் நடக்கும் சார். ஷூ சத்தம் நல்லா கேக்கும். இப்ப நீங்க நிக்கறீங்களே, அதான் கார்னர்.”

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

நான்காவது ஏப்ரலில் ஒருநாள், வேர்த்து விறுவிறுத்து என் மேஜைக்கு வந்தார். அந்தத் துறைமுக ஊரின் டீமைப் பத்தாவது இடத்தில் எழுதியிருந்தார். முந்தின வருடம் மூன்றாவதாக வந்த டீம்.

“சார், செவப்புத் தாடி இல்ல சார்.”

சிவப்புத் தாடி அந்த டீமின் கோல்கீப்பர். பத்திரிகையில் வந்த அவன் படத்தை வெட்டி ஸ்டோர் பீரோக் கதவில் ஒட்டியிருந்தார்.

“மத்த பத்து பேரும் ஓடறாங்க. கோல் போஸ்ட் இருக்கு, வலை இருக்கு, ஆள் இல்ல. வலையிலேர்ந்து தண்ணி சொட்டுது சார். ஒரு ஃபேக்ஸ் போடுங்க. தண்ணி கிட்ட போவாதன்னு சொல்லுங்க.”

“என்னங்க கலாட்டா இது? மேனேஜர் பாத்தா என் சீட்டு கிழிஞ்சுடும்.”

“உங்க சீட்டுதானே சார் கிழியும்!”

ரோலர் கப்பலேறிய விவரத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன்: உங்கள் ஊர் கோல்கீப்பர் இந்த மாதம் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம் என்று எங்கள் ஸ்டோர் கீப்பர் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்.

மறுநாளே பதில் வந்தது. அங்கே சரக்கு வாங்கும் பிரிவில் இருந்த பெண்மணி எழுதியிருந்தார். கோல்கீப்பருக்கு மீன்பிடிப் படகில்தான் வேலையாம். படகேறப் போனவருக்குத் துறைமுகத்திலேயே ஃபேக்ஸைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். மனிதர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். சிரித்த வேகத்தில் மீன் கழிவில் வழுக்கி உண்மையாகவே விழுந்துவிட்டார். கால் எலும்பு இரண்டு துண்டு. படகு அவரில்லாமல் போய்விட்டது. இந்த சீசன் முழுக்க ஆட முடியாது.

ஐஸ்லாண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “நான் வாய வெச்சேன், அவன் கால் போச்சு. சும்மா இருந்திருக்கலாம் சார்.” அதற்கப்புறம் தினமும் கொண்டுவந்த சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

பன்னிரண்டாம் நாள் இன்னொரு ஃபேக்ஸ். ரோலரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் படகு மூழ்கிவிட்டது. போன ஐந்து பேரும் மிதவையில் ஏறித் தப்பிவிட்டார்கள். தண்ணீர் முதலில் புகுந்தது கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறைக்குள். அந்தக் கதவை யாராலும் திறக்க முடியவில்லை. கோல்கீப்பர் வழக்கமாகத் தூங்கும் அறை அது. கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் ஸ்டோர் கீப்பர் யார்?

ஸ்டோருக்கு ஓடிப் படித்துக் காட்டினேன். அவர் மெதுவாக எழுந்து பீரோவைத் திறந்து, படத்தைப் பார்த்து, “போவுதுடா, காலு ஒட்டிக்கும்” என்றார். ரேக்குக்குப் பின்னால் யாரோ கைதட்டினார்கள். கூரைத் தகடு வெயிலில் விரிகிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“யாருன்னு கேக்கறாங்களே, என்ன எழுதட்டும்?”

“வயசு அம்பத்தாறு, ஸ்ரீராம்புரம்னு எழுதுங்க.”

அன்றிலிருந்து ஃபோர்மேன் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டித்தான் போல்ட் வாங்கினார். “ஐயோ தேவ்ரே, என் மொகத்தப் பாத்து ஒண்ணும் சொல்லிடாதீங்க!” மற்றவர்கள் கையைக்கூட நீட்டவில்லை. போல்ட் இல்லாமலே சமாளித்தார்கள்.

அக்டோபரில் பெட்டி வந்தது. ஆணியைப் பிடுங்கித் தாளை விரித்தவர் ஒரு கத்து கத்தினார். துறைமுக ஊர் டீம் எட்டாவது இடம். கீழே இறங்கவில்லை! படத்தில் வேறொருவர் கோலில் நின்றிருந்தார். வலைக்குப் பின்னால், ஊன்றுகோலைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தது சிவப்புத் தாடி.

“தப்பாயிடுச்சு சார்! நான் எழுதினது தப்பாயிடுச்சு!”

மைசூர்பாகு வாங்கி வந்து, மெஷின் மெஷினாகப் போய் ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். தன் கணக்கு தப்பானதற்காக இனிப்பு கொடுத்த ஆளை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. வாங்கப் பயந்தவர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து என் டிபன் பாக்ஸை ஸ்டோருக்கே எடுத்துப் போனேன். அவர் ரிட்டயர் ஆகும்வரை நான் வேறெங்கும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.