எழுத்து அட்டை

"சுருட்டாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!" என்று கைபேசியில் பொரிந்தாள் டீச்சர்.

"மடிச்சா கோடு விழும்னு நீதானே சொன்னே?" என்றார் மறுமுனையில் கணவர்.

ஒன்றாம் வகுப்புக்காக அவள் கையால் எழுதிய அட்டைகள். விரித்த வேகத்தில் சுருண்டு வந்து மூக்கில் இடித்தன. நிமிரட்டும் என்று எதிர்ப்பக்கமாகச் சுருட்டினாள். இப்போது இரண்டு ஓரமும் வளைந்து, கடல் கடந்த நாட்டுப் பிரபு ஒருவரின் மீசை மாதிரி நின்றன.

பழைய பள்ளியை மூடிவிட்டார்கள். இந்த வேலையும் கைநழுவினால் நாத்தனாரின் துணிக்கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான். நாத்தனார் நாற்காலியைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாள்.

புதுப் பள்ளிக்கு இன்னும் கட்டடம் எழும்பாததால், நேர்காணலை ஓர் அடுக்குமாடி வளாகத்தில் வைத்திருந்தார்கள். எந்த அறை என்று கேட்க வாயைத் திறப்பதற்குள், தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் முந்திக்கொண்டாள்.

"எழுத்து அட்டையா? அதோ, அந்த ரூம்தான். மூணு பேர் ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்காங்க. ஓடுங்க!"

உள்ளே ஒரு வழுக்கைத் தலையர், கைப்பையோடு ஓர் அம்மாள், ஓர் ஒல்லி மனிதர். அவளைக் கண்டதும் மூவரும் எழுந்து நின்றார்கள். தேர்வுக் குழு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"முதல்ல என் வகுப்புப் படங்களைப் பாருங்க" என்று ஆல்பத்தை நீட்டினாள்.

கைப்பை அம்மாள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு கையெட்டும் தூரத்துக்குத் தள்ளினாள். "எல்லாம் மங்கலா இருக்கே மேடம்."

படம் எடுத்தவர் கணவர். அவருக்கு வீட்டில் பூசை உண்டு.

சமாளிக்க, ஓர் அட்டையைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினாள். அது கையளவு சுண்ணாம்போடு பெயர்ந்து விழுந்தது. ஓட்டையை மறைக்க ஒட்டிய அடுத்த அட்டை, தட்டளவு சுண்ணாம்பைப் பெயர்த்தது. நல்லவேளை, எதிர்ச்சுவரில் ஒரு விளக்குப் பெட்டி இருந்தது. அதில் கிளிப்புகூட இருந்தது; இன்னோர் அட்டையை அதில் மாட்டினாள்.

இதுபோன்ற நேர்காணலில் குழுவினரே குழந்தைகளாக நடிப்பார்கள் என்று தோழி சொல்லியிருந்தாள். டீச்சர் குச்சியை எடுத்தாள்.

"இது என்ன எழுத்து?"

"ரெண்டு சுழி ன" என்றார் வழுக்கையர்.

"நல்லாப் பாருங்க. மூணு சுழி."

"எனக்கு ஒரு சுழிகூட ஒழுங்காத் தெரியல மேடம்."

"மூணு சுழி, மூணு சுழி" என்று கிசுகிசுத்தாள் கைப்பை அம்மாள்.

"யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது!"

"என் வீட்டுக்காரர் மேடம். வீட்லயும் நான்தான் படிச்சுக் காட்டறேன்."

குடும்பமாகச் சேர்ந்து பள்ளி நடத்துகிறார்கள் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். அதற்குள் ஒல்லி மனிதர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"கையை எடுங்க! என்ன விளையாட்டு?"

அவர் பணிவாகக் கையை எடுத்து, அடுத்த கண்ணைப் பொத்தினார். அடடா, என்ன நடிப்பு! எந்த வகுப்பிலும் இப்படி ஒரு வால் இருக்கும்.

டீச்சர் வேகம் பிடித்தாள். வழுக்கையரைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினாள். மூவரையும் காற்றில் 'ண' போட வைத்தாள். சுழிக்கு ஒரு சுற்று என்று இடுப்பைச் சுற்றவும் வைத்தாள். கைப்பை பறந்துபோய் மேசைமேல் விழுந்தது. கடைசியில் மூவரும் 'ண' என்று கத்திய கத்தலில் ஜன்னல் அதிர்ந்தது.

"இத்தனை பொறுமையா இதுவரைக்கும் யாருமே எனக்குப் பாத்ததில்ல" என்று வழுக்கையர் தழுதழுத்தார்.

நாத்தனாரின் நாற்காலி கண்ணிலிருந்து மறைந்தது. டீச்சர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப, முடிவு எப்ப சொல்வீங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை நீங்கதானே மேடம் சொல்லணும்?" என்றாள் கைப்பை அம்மாள் கலவரத்தோடு.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"மேடம், ஸ்கூல் இன்டர்வியூ மேல்மாடில அப்பவே முடிஞ்சிடுச்சாம்; கண் டாக்டர் இவ்வளவு நேரமும் வெளிய நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தார், நாளைலேர்ந்து நம்ம கிளினிக்குக்கே வேலைக்கு வர்றீங்களான்னு கேக்கச் சொன்னார்."