பத்து விரலும் ஒரு டியூப் களிம்பும்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்துவிடுவேன். (பாதி வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும்.)

இப்படிப்பட்டவனுக்கு நகத்தில் சொரியாசிஸ் வந்தது. பத்து நகமும் குழிக்குழியாகி, மஞ்சளாகி, நுனி தூக்கிக்கொண்டது. பெரம்பலூர் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"ராத்திரி மட்டும். நகம் மொளைக்கிற எடத்துல லேசா தடவுங்க. புது நகம் வர ஆறு மாசமாவது ஆவும்."

"வெள்ளிக்கெழம பொண்ணு பாக்கப் போறோம் சார்."

"அதுக்கு நகம் என்னப்பா பண்ணும்?"

நகம் ஒன்றும் பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன். மூன்று வேளையும் அப்பினேன். வெள்ளிக்கிழமை செட்டிகுளம் போகும் வேனில் டியூபின் கடைசிச் சொட்டையும் பிதுக்கினேன்.

அம்மா என் கைமேல் ஒரு துண்டைப் போட்டார். "எடுக்காத."

பெண்ணின் அப்பா வயலில் சின்ன வெங்காயம் போடுகிறவர். அவர்கள் வீட்டுக் கூடத்தில், வெள்ளை வேட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

பெண்ணின் அத்தை கேட்டார்: "மாப்ள வந்ததுலேர்ந்து கையவே காட்டலியே. வெரல் எல்லாம் இருக்குல்ல?"

இருப்பதைக் காட்ட, துண்டை விலக்கிக் காபித் தம்ளரை எடுத்தேன். எடுத்த வேகத்தில் களிம்புக் கையிலிருந்து வழுக்கியது. காபி முழுக்கப் பெண்ணின் அப்பா வேட்டியில். (நல்லவேளை, ஆறிப்போயிருந்தது.)

எல்லோரும் என் நகத்தையே பார்த்தார்கள். அத்தை நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அம்மா செருப்பைத் தேடினார். கிளம்புவதற்குத்தான்.

தரையைத் துடைக்க, நாங்கள் பார்க்க வந்த பெண் செல்வியே வந்தாள். என்னையே கேட்டாள்.

"ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. டாக்டரே சொன்னாரு."

"பின்ன ஏன் மறைச்சீங்க?"

"வேணாம்னுடுவீங்கன்னு."

பிசுபிசுத்த தம்ளரை எடுத்துப் பார்த்தாள். "இவ்ளோ எதுக்குத் தடவுனீங்க?"

"சீக்கிரம் வளரட்டும்னு."

செல்வி அப்பா பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, மூட்ட உரத்தையும் ஒரே நாள்ல கொட்டுனா வெங்காயம் வளருமா?"

வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தவர், "கருகிடும்" என்றார். பிறகு சிரித்துவிட்டார். அம்மா செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

நகம் சரியாவதற்கு ஒரு வருடம் ஆனது. நோய் இன்னமும் வருகிறது, போகிறது. டியூப் செல்வியின் பீரோவில் இருக்கிறது. ராத்திரியானால் நகத்துக்கு ஒரு பொட்டு அவளே வைக்கிறாள், கூடக் கேட்டாலும் கிடையாது. செட்டிகுளம் போனால் எனக்கு மட்டும் கைப்பிடி வைத்த கப்பில் காபி வரும். மாமனார் அதைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய், வேட்டியை அவிழ்த்துவிட்டுப் பழைய லுங்கி கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்.