ஹெல்லிபோருக்கு வீட்டோடு ஓர் ஆள்

இந்தக் கோடை விடுமுறைக்கு நான் ஊருக்குப் போவதில்லை. பஹ்ரைனில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் சொந்தமாக எடுத்த முதல் முடிவு இது.

ஊர் என்றால் ஊர் அல்ல, மாமனார் வீடு. மாமனார் கார்மேகம் தோட்டக்கலைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். துறைதான் அவரை விட்டது, அவர் துறையை விடவில்லை. காலை நாலரைக்கு என்னை எழுப்பிக் கையில் மண்வெட்டியைக் கொடுப்பார். நான் வருஷா வருஷம் லீவ் போட்டுச் செய்வது இதைத்தான். இந்த முறை மனைவி ஜெயலட்சுமியும் மகள் ரக்ஷிதாவும் மட்டும் விமானம் ஏறட்டும். இங்கே ஈசா டவுன் வீட்டில் நாற்பத்தைந்து நாள் நான் ராஜா. பக்கத்து மளிகைக் கடை கௌஸ் முகம்மதுவின் குடும்பமும் ஊருக்குப் போகிறது. பிரியாணி அவர் பொறுப்பு, சீட்டுக்கட்டு என் பொறுப்பு.

சாக்குதான் பாக்கி. அது தொட்டியோடு வந்து சேர்ந்தது. எங்கள் ஆபீஸ் ஜெர்மன்காரர் மார்ச்சில் வேலை முடிந்து கிளம்பும்போது ஹெல்லிபோர் செடி ஒன்றை என்னிடம் விட்டுப் போனார். பனி கொட்டும் நாட்டுச் செடி. குளிரில்தான் பூக்கும். பூ தலையைக் குனிந்தே நிற்கும். அதன் முகத்தைப் பார்க்க நாம் தரையில் உட்கார வேண்டும். கல்யாணமான ஆண்களில் பாதிப்பேர் இந்த இனம்தான்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. படுக்கையறை ஏசியைப் பதினெட்டில் வைத்து, வெயில் விழாத ஜன்னலோரமாகத் தொட்டியை வைத்தேன். வேர் அழுகாமல் இருக்க மண்ணில் மணல் கலந்தேன். செடி முழுக்க விஷம் என்பதால் கையுறை மாட்டிக்கொண்டு பழுத்த இலைகளை வெட்டினேன். செடி தளதளவென்று நின்றது. நாங்கள் மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கினோம். ஜூன் பிறந்ததும் மெல்ல ஆரம்பித்தேன்.

“ஜெயா, நான் ஊருக்கு வந்தா இந்தச் செடி என்னாகும்?”

“காஞ்சு போகுமுங்க.”

“வெளிய நாப்பத்தஞ்சு டிகிரி. ஏசி அரை நாள் நின்னாக் கதை முடிஞ்சுது.”

“கௌஸ் பாய்கிட்ட சாவியக் குடுத்தாத் தண்ணி ஊத்த மாட்டாருங்களா?”

“கூட ஊத்தினா அழுகிடும். கொறைச்சு ஊத்தினா வாடிடும். விஷச் செடி வேற. வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வீட்டோட இருக்கணும்.”

“நாப்பத்தஞ்சு நாளுமுங்களா?”

“ஒரு நாள் கொறையக் கூடாது.”

அவள் செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்றதுதானுங்க சரி” என்றாள்.

பதினாலு வருஷக் குடும்ப வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். நானோ கடைக்கு ஓடினேன்.

“கௌஸ் பாய், கலாஸ், வேலை முடிஞ்சுது. சம்மதிச்சுட்டா.”

“சண்டை போடாமலா சார்?”

“எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை.”

“அப்ப எனக்குப் பயமா இருக்கு சார்” என்றார் கௌஸ் முகம்மது. ஆனாலும் பாசுமதி மூட்டை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். நான் ஆபீசில் லீவ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். புதுச் சீட்டுக்கட்டு இரண்டு வாங்கினேன். ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

எட்டாவது நாள் ஜெயலட்சுமி போனைக் காட்டினாள். “விசா வந்துடுச்சுங்க.”

“யாருக்கு?”

“அப்பாவுக்கு. விசிட் விசா. வெவரம் தெரிஞ்ச ஆளு வீட்டோட இருக்கணும்னீங்களே. அப்பாவ விட வெவரம் யாருக்குங்க தெரியும்? நாங்க கெளம்புற அன்னிக்கே வந்து எறங்கறாரு. அப்பா சைவம், வீட்ல கறி பொழங்கக் கூடாதுன்னு கௌஸ் பாய்கிட்டயும் சொல்லிட்டேன்.”

பிரியாணியும் சீட்டும் போச்சு. ஆனாலும் மூளை வேலை செய்தது. மாமனார் இங்கே வந்துவிட்டால் அங்கே மண்வெட்டியை நீட்ட யார் இருக்கிறார்கள்? ஆபீசில் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம், டிக்கெட்டும் கிடைக்கும்.

“அப்ப நானும் உங்ககூட ஊருக்கு வந்துடறேன் ஜெயா. அதான் செடியப் பார்த்துக்க ஆள் வந்தாச்சே.”

“செடியப் பார்த்துக்க அப்பா இருக்காருங்க” என்றாள் ஜெயலட்சுமி. “அப்பாவப் பார்த்துக்க ஆள் வேண்டாமுங்களா?”